கொடைக்கானல் போகிறீர்களா? நான்கே இடம் பாருங்கள்!



உங்களில் பலர் கொடைக்கானலுக்குப் போய் வந்திருப்பீர்கள். இன்னும் பலர் இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ பள்ளிச் சுற்றுலாவில் போகக் காத்திருப்பீர்கள். அந்தச் சுற்றுலா எப்படி நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரவு பத்து மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் கிளம்பும். பாதி வழிவரை பாட்டும் கும்மாளமும். விடியற்காலை மலைப்பாதையில் நாலு பேருக்கு வாந்தி. ஏழு மணிக்கு இட்லி. அதற்குப் பிறகு ஓட்டம்தான். வெள்ளி நீர்வீழ்ச்சி, ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், தூண் பாறைகள், குணா குகை, பைன் காடு, குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று மாலை ஆறு மணிக்குள் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம். அதிலும் பாதி, படம் எடுப்பதற்கே போய்விடும். கடைசியில் சாக்லெட் கடை. அப்புறம் பஸ்ஸில் தூக்கம்.

ஊர் திரும்பியதும், "என்ன பார்த்தாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். நீங்கள் இடங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பீர்கள். அந்தப் பட்டியல் பஸ்ஸில் ஏறும் முன்பே, பள்ளி கொடுத்த அறிவிப்புத் தாளில் இருந்ததுதானே!

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு துணைக்குக் கொடைக்கானல் போனேன். தூண் பாறைகளுக்கு அருகில் ஒரு தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு மாணவி என்னிடம் வந்து, "சார், இங்கே பருப்பு வேக ரொம்ப நேரமாகுமாம். கடைக்கார அம்மா சொல்றாங்க. குளிர் அதிகமா இருக்கிறதாலயா சார்?" என்று கேட்டாள். டிரைவர் அப்போது ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் நான்கு இடங்கள் பாக்கி. "அப்புறம் சொல்றேன்மா, பஸ் கிளம்பப் போகுது" என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஊர் வந்து சேர்ந்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் அந்தக் குழுவில் எழுந்த நல்ல கேள்வி அது ஒன்றுதான். இயற்பியல் ஆசிரியனான நானே அதை விரட்டிவிட்டேன்!

அதனால்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் ஒரு நாளில் பன்னிரண்டு இடங்களைப் பார்ப்பதைவிட நான்கே நான்கு இடங்களைப் பார்ப்பது நல்லது. கேள்வி கேட்கவும், அளந்து பார்க்கவும், சும்மா உட்கார்ந்திருக்கவும் நேரம் வேண்டும். கையில் ஒரு வெப்பமானி, ஓர் அளவுகோல், ஒரு சிறு கண்ணாடித் துண்டு, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும்.

வெப்பமானி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாதரசம் உள்ளது வேண்டாம். சிவப்புச் சாயம் கலந்த ஆல்கஹால் வெப்பமானி போதும். கொடைக்கானலில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. அங்கே ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இயங்கிவந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அங்கிருந்து வெளியே போனது தெரியவந்ததும், 2001-ல் அது மூடப்பட்டது. சுற்றியிருந்த மண்ணில் கலந்த பாதரசம் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பிரச்சினையாகவே இருந்தது.

பஸ்ஸே ஓர் ஆய்வுக்கூடம்

சுற்றுலா மலை உச்சியில் தொடங்குவதில்லை, வத்தலக்குண்டிலேயே தொடங்கிவிடுகிறது. வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். ஆக, பஸ் உங்களை 1,800 மீட்டர் மேலே தூக்கிச் செல்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியானால் மேலே போய்ச் சேரும்போது எத்தனை டிகிரி குறைந்திருக்க வேண்டும்? ஏறத்தாழ 12 டிகிரி என்று கணக்கு சொல்கிறது. உங்கள் வெப்பமானி என்ன சொல்கிறது? வித்தியாசம் இருந்தால் ஏன்? மூடுபனியா, மழையா, விடியற்காலை நேரமா? இதை நண்பர்களுடன் விவாதித்தாலே ஒரு மணி நேரம் போவது தெரியாது.

வெப்பமானி இல்லையா? தலைக்குத் தடவ எடுத்துச் சென்ற தேங்காய் எண்ணெயைக் கவனியுங்கள். அது சுமார் 24 டிகிரியில் உறையும். பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப் போக அது பலூன் மாதிரி உப்பும். உள்ளே அடைபட்ட காற்று சமவெளிக் காற்று. வெளியே அழுத்தமோ குறைந்துகொண்டே வருகிறது. கொடைக்கானலில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 78 சதவீதம்தான். உங்கள் காது அடைத்துக்கொள்வதும் இதனால்தான்.

இப்போது அந்த மாணவிக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலுக்கு வருவோம். பருப்பு தாமதமாக வேகக் காரணம் குளிர் அல்ல, குறைந்த காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும், திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் தண்ணீர் சூடேறாது. 93 டிகிரியில் வேக வேண்டிய பருப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டாமா? பிரஷர் குக்கர் அந்த அழுத்தத்தை நாமே உண்டாக்கித் தருகிறது. பாருங்கள், இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை!

முதல் இடம்: சூரியனைப் பார்க்கும் குன்று

காலையில் வானம் தெளிவாக இருக்கும்போதே சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்விடுங்கள். பிற்பகலில் வெயிலால் சூடான காற்று மலைச் சரிவில் மேலேறி, குளிர்ந்து, மேகமாகிவிடும். பார்வையாளர் நேரத்தை உங்கள் ஆசிரியர் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

இந்த நிலையம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1876-ல் தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கலாம். பருவமழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா? பஞ்சத்துக்குப் பின் அறிஞர்கள் இப்படிக் கேட்கத் தொடங்கினார்கள். சூரியனை இடைவிடாது கவனிக்க ஓர் உயரமான இடம் தேவைப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வான ஆராய்ச்சி நிலையத்தின் பணி பழநி மலைக்கு மாறியது. 1899-ல் கொடைக்கானல் நிலையம் தொடங்கியது. சுமார் 2,343 மீட்டர் உயரத்தில், ஊருக்கு மேலே ஒரு குன்றில் அது நிற்கிறது.

பஞ்சத்தைக் கரும்புள்ளிகளைக் கொண்டு முன்னறியலாம் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வீண்போகவும் இல்லை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி இங்கே கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, அதிலுள்ள கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும், விலகிப் போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அப்படியே. நெருங்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். இதைக் கொண்டு, கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு உள்ளிருந்து வெளிநோக்கி, விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று அவர் காட்டினார். உலகெங்கும் சூரிய இயற்பியல் நூல்களில் இது 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது. நீங்கள் நிற்கும் அதே குன்றில் கண்டது!

லண்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கிரீன்விச் வான ஆராய்ச்சி நிலையத்தைத் தேடிப் போய், தீர்க்க ரேகைக் கோட்டின் இருபுறமும் காலை ஊன்றி நின்று மகிழ்கிறார்கள். பாரிஸ் நகரில், 1851-ல் ஃபூக்கோ என்பவர் ஊசல் கட்டிப் பூமி சுழல்வதைக் காட்டிய பாந்தியோன் மண்டபம் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று. அந்தப் பழைய தலைநகரங்களில் அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் சமமாக இந்த இடங்களுக்கும் மதிப்பு உண்டு. நம் பள்ளிப் பஸ்களில் பல, எவர்ஷெட்டின் குன்றைப் பார்க்காமலே ஏரிக்குத் திரும்பிவிடுகின்றன. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இங்கே உங்கள் கையாலேயே செய்ய ஒரு சோதனை இருக்கிறது. ஆனால் முதலில் ஓர் எச்சரிக்கை: சூரியனை நேரே ஒருபோதும் பார்க்கக் கூடாது. கண்ணாடித் துண்டின்மேல் ஒரு தாளை ஒட்டி, தாளில் பென்சில் பருமனில் ஒரு துளை போடுங்கள். அந்தத் துளையில் படும் வெயிலை, பத்து மீட்டர் தள்ளி நிழலில் உள்ள சுவரில் விழச் செய்யுங்கள். யார் கண்ணிலும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் விழும் வட்டம் துளையின் வடிவம் அல்ல. அது சூரியனின் பிம்பம். துளையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமாகவே விழும். அதன் குறுக்களவை அளந்தால் சுமார் 9 சென்டிமீட்டர் இருக்கும். தூரத்தை அதால் வகுத்தால் ஏறத்தாழ 108. அதாவது சூரியன், தன் குறுக்களவைப்போல் சுமார் 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர் என்று சூரியனின் குறுக்களவு கிடைக்கும்.

ஆராய்ச்சி நிலையத்தின் சுரங்கத் தொலைநோக்கியும் இதே விகிதத்துக்குக் கட்டுப்பட்டதுதான். அதன் வில்லையின் குவியத் தூரம் சுமார் 36 மீட்டர். 36 மீட்டரை 108-ஆல் வகுத்தால் 33 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். அங்கே விழும் சூரிய பிம்பத்தின் குறுக்களவு 34 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது! உங்கள் கண்ணாடித் துண்டும் அந்தப் பெரிய கருவியும் ஒரே கணக்கைப் பேசுகின்றன.

மரத்தடியில் தரையில் விழும் வட்ட வட்டமான வெயில் பொட்டுகளையும் பாருங்கள். இலைகளின் இடைவெளி எந்த வடிவில் இருந்தாலும் பொட்டுகள் வட்டம்தான். ஒவ்வொன்றும் ஒரு சூரியன். 2019 டிசம்பர் 26-ல் திண்டுக்கல், கோவைப் பகுதிகளில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது இந்தப் பொட்டுகளும் வளையங்களாக மாறின.

இரண்டாம் இடம்: மனிதன் வெட்டிய ஏரி

நட்சத்திர வடிவ ஏரியை இயற்கை தந்தது என்று நினைப்போர் அதிகம். அப்படியல்ல. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர், ஓடையைக் கரை கட்டித் தடுத்து உண்டாக்கிய ஏரி அது. பரப்பு சுமார் 60 ஏக்கர். படகு சவாரி செய்யுங்கள். வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் கரையைச் சுற்றிச் சிறிது தூரமாவது நடந்து பாருங்கள். ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்று விசாரியுங்கள். நீங்கள் மலையேறும்போது சாலையோரம் பார்த்த வெள்ளி நீர்வீழ்ச்சிதான் அது. ஏரியில் நீங்கள் எறியும் காகிதமும் பையும் அந்த அருவியில் விழும். பிறகு அடிவாரத்துக்கு இறங்கும்.

மூன்றாம் இடம்: பைன் காடு

ஓங்கி நிற்கும் பைன் மரங்களின் நடுவே படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை. அது இயற்கைக் காடு அல்ல; 1906-ல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் நடச் செய்தது. அங்கே பத்து அடிக்குப் பத்து அடி தரையைக் குறித்துக்கொண்டு, எத்தனை வகைச் செடிகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உதிர்ந்த ஊசி இலைகள்தான் மெத்தை மெத்தையாக இருக்கும். செடிகள் மிகக் குறைவு. அப்புறம் சாலையோரத்தில் சோலைக்காடு தெரியும் இடத்தில் நின்று பாருங்கள். குட்டையான மரங்கள், அவற்றின்மேல் பாசி, அதன்மேல் பெரணி, இடையிடையே ஆர்க்கிட் என்று அடுக்கடுக்காய் உயிர் இருக்கும்.

பழநி மலையின் பழைய ஆடை சோலையும் புல்வெளியும்தான். அவை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மழையில்லாத மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தெற்குச் சரிவின் ஓடைகள் வைகைக்கும், வடக்குச் சரிவின் ஓடைகள் அமராவதி வழியாகக் காவிரிக்கும் போகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் யூகலிப்டஸும் அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை மூடிவிட்டன. மதுரையில் குழாயைத் திறக்கிறவருக்கும் இந்தப் புல்வெளிக்கும் உறவு உண்டு என்பதைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் அறிய வழியில்லை.

நான்காம் இடம்: கோக்கர்ஸ் வாக்

மாலையில் இங்கே வாருங்கள். 1872-ல் மலையின் விளிம்பில் அமைத்த இந்த நடைபாதையில் நின்றால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். எவ்வளவு தூரம் தெரியும்? அதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. உங்களுக்குக் கீழே தரை எத்தனை மீட்டர் தாழ்வாக இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்கள், தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 1,800-ன் வர்க்கமூலம் ஏறத்தாழ 42.4. பெருக்கினால் சுமார் 151 கிலோமீட்டர்! அவ்வளவு தூரம் தெரியாமல் போனால் குற்றம் பூமியின் வளைவுடையது அல்ல. காற்றில் மிதக்கும் தூசியும் ஈரமும்தான் காரணம். இந்தச் சூத்திரம் எப்படி வந்தது என்பதைப் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம். முயன்று பாருங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். முதுகுப்புறம் தாழ்ந்த சூரியன், எதிரே பள்ளத்தில் மூடுபனி; இப்படி அமைந்தால் உங்கள் நிழல் அந்தப் பனித்திரையில் பேருருவாக விழும். தலையைச் சுற்றி வண்ண வளையமும் தெரியும். ஜெர்மனியில் உள்ள மலைச் சிகரம் ஒன்றின் பெயரால் இதை 'பிராக்கன் உருவம்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் வளையம் தன் தலை நிழலைச் சுற்றித்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றித் தெரியாது. எல்லோரும் தானே மகான் என்று நினைத்துக்கொள்ளலாம்! இதற்கு அவசரக்காரர்கள் பொருத்தமானவர்கள் அல்ல. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பனி வரலாம், வராமலும் போகலாம்.

"சுற்றுலாவிலுமா பாடம்?"

நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "ஆண்டு முழுவதும் படிக்கிறோம், ஒரு நாள் சந்தோஷமாக இருக்கக் கூடாதா, சார்?" நியாயமான கேள்விதான். இருக்க வேண்டும். பாட்டு வேண்டும், படகு வேண்டும், சாக்லெட்டும் வேண்டும். சுற்றுலா முடிந்ததும் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கச் சொல்லும் வழக்கத்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு நாளில் பன்னிரண்டு முறை பஸ்ஸில் ஏறி இறங்குவது சந்தோஷமா? மாலையில் உங்கள் முகங்களைப் பார்த்தவன் சொல்கிறேன்: அது களைப்பு. கண்ணாடித் துண்டால் சூரியனைச் சுவரில் பிடித்துவிட்டு, "என்னுடையது பெரிது, உன்னுடையது சிறிது" என்று சண்டை போடுகிறீர்களே, அதில்தான் சந்தோஷம் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கொடைக்கானலால் இத்தனை கூட்டத்தைத் தாங்க முடியவில்லை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடைக் காலத்தில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். இனி மலைக்கு ஏறும் ஒவ்வொரு பயணமும் மதிப்புள்ளது. உங்கள் வகுப்பில் சிலருக்கு இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட, அப்பாவோ அம்மாவோ எத்தனை நாள் கூலியை ஒதுக்கி வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் சிலர் அந்த மலையை மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியா? ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் இதை யோசிக்க வேண்டும். நீங்களும் வகுப்பில் எழுந்து, "நான்கு இடம் போதும், சார்" என்று தைரியமாகக் கேட்கலாம்.

பழநி மலையில் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது உங்களில் பலர் கல்லூரியில் இருப்பீர்கள். நண்பர்களோடு நீங்களே மலையேறுவீர்கள். அந்தச் செடி ஆண்டுகளை எப்படி எண்ணுகிறது என்று யோசித்துக்கொண்டே ஏறுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த முறை போகும்போது நோட்டின் முதல் பக்கத்தை வெற்றாக விட்டு வையுங்கள். அன்று பதில் கிடைக்காத கேள்வி ஒன்றையாவது அதில் எழுதிக்கொண்டு வாருங்கள். மறுநாள் அதை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் "அப்புறம் சொல்றேன்" என்றால் விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.